வாசகர் கேள்வி–பதில்: போலீஸ் நிருபர் ஒருவர் டிவி தொடர் எழுதப் போன கதை

போன இதழில் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது, "டிவியில் போலீஸ் கதை எழுதியவர்களில் எனக்குப் பிடித்தவர் அமெரிக்காவின் டேவிட் சைமன், 'தி வயர்' எடுத்தவர்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரங்கட்டிவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்தான். சர்க்கரை வியாதி, பங்குச்சந்தை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளவும்.

யார் சார் இந்த சைமன்? போலீஸ்காரரா, சினிமாக்காரரா?
(வாசகர், விருதுநகர்)

இரண்டும் இல்லை, பத்திரிகைக்காரர். 1960-ல் வாஷிங்டனில் பிறந்தவர். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாணவர் பத்திரிகையில் எழுத ஆரம்பித்து, அப்படியே பக்கத்து ஊரான பால்டிமோரின் 'தி சன்' நாளிதழில் போலீஸ் செய்தி நிருபராகச் சேர்ந்துவிட்டார். 1982 முதல் 1995 வரை அங்கேதான். எங்கே கொலை, யார் கைது, கோர்ட்டில் என்ன நடந்தது என்று தினம் தினம் எழுதுகிற வேலை.

1988-ல் பத்திரிகையில் லீவு போட்டுவிட்டு, பால்டிமோர் போலீஸின் கொலை வழக்குப் பிரிவுக்குள் ஒரு வருஷம் உட்கார அனுமதி வாங்கினார். அந்த ஒரு வருஷத்தில் அந்த நகரத்தில் 234 கொலைகள். துப்பறிவாளர்களோடு பிணம் கிடந்த இடத்துக்குப் போனார், பிரேதப் பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் நின்றார், விசாரணை அறை, ராத்திரி ஷிப்ட், ஷிப்ட் முடிந்து அவர்கள் போகும் மதுக்கடை என்று எல்லா இடத்திலும் கூடவே இருந்தார். 1991-ல் 'ஹோமிசைட்' என்ற பெரிய புத்தகம் வந்தது. பால்டிமோரில் பிறந்த சினிமா இயக்குநர் பேரி லெவின்சன் அதைப் படித்துவிட்டு டிவி தொடராக எடுக்கலாம் என்று கிளம்பினார், டாம் ஃபோன்டானா என்ற கைதேர்ந்த எழுத்தாளர் அதை நடத்தினார், 1993 ஜனவரி 31 அன்று என்பிசி சேனலில் ஆரம்பம்.

தன் புத்தகத்திலிருந்து வந்த தொடர்தானே, நாமும் ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிப் பார்ப்போம் என்று கல்லூரி நண்பர் டேவிட் மில்ஸோடு சேர்ந்து ஒன்று எழுதினார். கணவனும் மனைவியும் குழந்தைகளோடு ஊர் சுற்றிப் பார்க்க வருகிறார்கள், பிள்ளைகள் கண் முன்னால் அம்மா சுட்டுக் கொல்லப்படுகிறாள், அப்பா அதற்கப்புறம் என்ன ஆகிறான், இதுதான் கதை. கதை ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த அப்பா வேஷத்துக்கு ராபின் வில்லியம்ஸ் வந்ததும் இருட்டு விலகிவிட்டது! 1994 ஜனவரியில் ஒளிபரப்பானது, அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருதும் கிடைத்தது. மில்ஸ் பத்திரிகை வேலையை விட்டுவிட்டு ஹாலிவுட் பக்கம் போய்விட்டார். சைமன் மட்டும் போகவில்லை, திரும்பப் போய் நிருபர் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். 1995-ல் பத்திரிகை ஆட்குறைப்புக்காக, பணம் வாங்கிக்கொண்டு விருப்பப்பட்டவர்கள் போகலாம் என்று திட்டம் போட்டபோதுதான் வெளியே வந்து 'ஹோமிசைட்' தொடரிலேயே எழுத்தாளராகச் சேர்ந்தார், 1999-ல் அது முடியும்போது அதன் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்தார்.

அதற்கப்புறம் எச்பிஓ சேனலில்: 2000-ல் 'தி கார்னர்', 2002 முதல் 2008 வரை பால்டிமோரின் போலீஸையும் போதை வியாபாரத்தையும் பற்றிய 'தி வயர்', பிறகு இராக் போர், நியூ ஆர்லியன்ஸ், நியூயார்க் என்று வரிசையாக. 2010-ல், திறமைசாலிகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் மேக்ஆர்தர் நிதியுதவியும் கிடைத்தது.

தயாரிப்பாளர் என்கிறீர்கள். நிருபராக இருந்தவரிடம் தொடர் எடுக்க ஏது அவ்வளவு பணம்?
(வாசகர், ஈரோடு)

ஈரோட்டிலிருந்து சரியான இடத்தில் பிடித்தீர்கள். நமக்குத் தயாரிப்பாளர் என்றால் கடன் வாங்கியாவது படத்தை முடித்து, ரிலீஸ் அன்று தூக்கம் இல்லாமல் இருப்பவர். அமெரிக்க டிவியில் பணம் போடுவது ஸ்டூடியோவும் சேனலும். அங்கே எழுத்தாளருக்குத்தான் தயாரிப்பாளர் பட்டம் கொடுக்கிறார்கள். புதிதாக வருபவர் சாதாரண எழுத்தாளர், அப்புறம் கதை எடிட்டர், இணைத் தயாரிப்பாளர், தயாரிப்பாளர், மேற்பார்வைத் தயாரிப்பாளர், எல்லாவற்றுக்கும் மேலே நிர்வாகத் தயாரிப்பாளர் என்று படிப்படியாக ஏறிப் போகும். இதில் பாதிப் பட்டங்கள் சம்பள உயர்வுக்காகவே கண்டுபிடிக்கப்பட்டவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆனால் உச்சியில் இருப்பவருக்கு உண்மையான அதிகாரம் இருக்கிறது, அவரை 'ஷோரன்னர்' என்பார்கள். எழுத்தாளர்களை எடுப்பது, ஒரு அறையில் உட்கார்ந்து மொத்த சீசனின் கதையைப் பிரிப்பது, யார் எந்த எபிசோடு எழுதுவது என்று தீர்மானிப்பது, அவர்கள் எழுதிக் கொண்டுவந்ததைத் திருத்துவது, நடிகர் தேர்வு, லொகேஷன், கடைசியில் எடிட்டிங் அறையில் எந்த ஷாட் இருக்கணும் எது போகணும் என்பதுவரை அவர் சொல்வதுதான். சினிமாவில் இயக்குநர் ராஜா. அங்கத்திய டிவியில் எழுத்தாளர்தான் வீட்டுக்காரர், இயக்குநர் விருந்தாளி, ஒரு எபிசோடு எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விடுவார்.

இது ஏன் முக்கியம் என்றால், எழுதிய வரி எழுதியபடி திரையில் வருவதற்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. 'தி வயர்' முதல் சீசனின் நான்காவது எபிசோடில் ஒரு காட்சி. இரண்டு துப்பறிவாளர்கள் பழைய கொலை நடந்த ஒரு சமையலறையில் நிற்கிறார்கள், டேப் வைத்து அளக்கிறார்கள், குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். ஐந்து நிமிஷம் இருக்கும். அவ்வளவு நேரமும் இருவர் வாயிலும் ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான், அதையே விதவிதமாக நீட்டியும் குறுக்கியும் ஆச்சரியமாகவும் அலுப்பாகவும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். விளக்க வசனம் ஒன்றுகூட இல்லை, ஆனால் கொலை எப்படி நடந்தது என்று நமக்குத் தெளிவாகப் புரியும். இதை எழுத்தாளர் வெறும் வசனகர்த்தாவாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், யாராவது ஒருவர் "ரசிகர்களுக்குப் புரியாது சார்" என்று நாலு வரி விளக்கம் சேர்த்திருப்பார்.

சைமனுக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தமில்லை. படமாக யோசிப்பது எப்படி என்பதை ராபர்ட் கோல்ஸ்பெரி என்ற அனுபவமுள்ள சினிமாத் தயாரிப்பாளர்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார், தொடரில் ஒரு துப்பறிவாளராகச் சின்ன வேஷமும் போட்டிருந்தார். 2004-ல் அவர் இறந்துபோனபோது தொடரிலும் அந்தப் பாத்திரம் இறந்ததாக வைத்து, மதுக்கடையில் போலீஸ்காரர்கள் எல்லோரும் கூடிப் பாட்டுப் பாடி வழியனுப்புவதாக ஒரு காட்சி எடுத்தார்கள்.

கொலைகாரன் யார் என்று கடைசிவரை சொல்லாமல் விடுகிறாராமே. அப்புறம் அது என்ன துப்பறியும் கதை?
(வாசகி, தஞ்சாவூர்)

நியாயமான கோபம். ஆனால் அவர் வேண்டுமென்று செய்யவில்லை, ஊர் அப்படி. 1988 பிப்ரவரியில், அவர் போலீஸோடு உட்கார்ந்திருந்த அதே வருஷத்தில், 11 வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அந்த வழக்கை ஒரு இளம் துப்பறிவாளர் வருஷம் முழுக்கத் துரத்தினார், சந்தேகப்பட்ட ஆள் ஒருவர் கையில் இருந்தார், நிரூபிக்க முடியவில்லை. புத்தகமும் அப்படியே முடிகிறது.

டிவி தொடரில் அந்தச் சிறுமிக்கு வேறு பெயர் வைத்து, முதல் சீசன் முழுக்க அந்த வழக்கை ஓட்டினார்கள். அதில் ஒரு எபிசோடு கிட்டத்தட்ட முழுக்கவே ஒரே அறைக்குள், இரண்டு போலீஸ், ஒரு சந்தேக நபர், மூன்றே பேர். ஃபோன்டானா எழுதியது, அமெரிக்க டிவியின் பெரிய விருதான எம்மி வாங்கியது. மணிக்கணக்கில் அந்த ஆளைப் போட்டுப் புரட்டி எடுக்கிறார்கள். முடிவில், இவன்தான் என்று அதுவரை அடித்துச் சொன்ன துப்பறிவாளருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இல்லவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த இன்னொருவர், இவனாகத்தான் இருக்கும் என்ற பக்கம் வந்துவிடுகிறார். விடை இல்லை. நான் அதைப் பார்த்து முடித்தபோது காசு திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை, வேறு எந்தத் தொடரையும் அன்று பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

'தி வயர்' இதற்கு நேர் தலைகீழ். யார் கொன்றான் என்று பெரும்பாலும் நமக்கு முதலிலேயே தெரியும். அதை எந்த நீதிபதி முன்னால் எந்த ஆதாரத்தோடு நிறுத்த முடியும், நிறுத்த விடுவார்களா என்பதுதான் பாக்கி.

க்ரைம் தொடர் என்றால் டிக் உல்ஃப்தான். 'லா அண்ட் ஆர்டர்' ஓடிய ஓட்டத்துக்கு முன்னால் உங்கள் சைமன் எல்லாம் எம்மாத்திரம்?
(வாசகர், சென்னை-33)

ஓட்டத்தில் பக்கத்திலேயே வர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். உல்ஃப் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். பிறகு 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்', 'மயாமி வைஸ்' தொடர்களில் எழுதிப் பழகி, 1990-ல் 'லா அண்ட் ஆர்டர்' ஆரம்பித்தார். 20 சீசன் ஓடி 2010-ல் நின்று, 2022-ல் மறுபடி எழுந்து உட்கார்ந்தது. அதிலிருந்து 1999-ல் கிளை விட்ட 'ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்' மூலத்தொடரையே முந்திக்கொண்டு இன்னும் ஓடுகிறது. சிகாகோ பெயரிலும் எஃப்பிஐ பெயரிலும் வரிசையாகத் தொடர்கள். வாரத்தில் ஒரு ராத்திரி முழுவதையும் தன் தொடர்களாலேயே நிரப்பிய ஆள்.

அவருடைய கெட்டிக்காரத்தனம் முதல் யோசனையிலேயே இருக்கிறது. 80-களின் கடைசியில் ஒரு மணி நேரத் தொடர்களை மறு ஒளிபரப்புக்கு வாங்க ஆளில்லை, அரை மணி நேரக் காமெடிகள்தான் விலை போயின. உல்ஃப் என்ன செய்தார்? முதல் பாதியில் போலீஸ் பிடிக்கும், இரண்டாம் பாதியில் வக்கீல்கள் வாதாடுவார்கள் என்று கதையையே நடுவில் மடிப்பு வைத்துத் தைத்தார். தேவைப்பட்டால் இரண்டாக வெட்டி அரை மணி அரை மணியாக விற்கலாம் என்ற கணக்கு! வெட்ட வேண்டிய அவசியம் வரவில்லை, முழுசாகவே விற்றது. அப்புறம் இன்னொன்று. ஒவ்வொரு எபிசோடும் தனித்தனி வழக்கு, எங்கே ஆரம்பித்தாலும் புரியும். பாத்திரங்களின் வீட்டு விவகாரம் ஏறக்குறைய கிடையாது, அதனால் ஒரு நடிகர் போய் இன்னொருவர் வந்தாலும் வண்டி நிற்காது. மெகா சீரியலில் "இனி இவருக்குப் பதில் இவர்" என்று கார்டு போடுகிறார்களே, அந்தச் சங்கடம்கூட அவருக்கு இல்லை.

சைமன் தொடரில் நடுவில் நுழைந்தால் ஒன்றுமே புரியாது. ஐந்து சீசன், 60 எபிசோடு, ஒரே கதை. அதனால் இருவரையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

ஒரு வேடிக்கை சொல்லவா? சைமன் புத்தகத்தில் வரும் ஜே லேண்ட்ஸ்மன் என்ற நிஜப் போலீஸ் சார்ஜெண்டை வைத்து 'ஹோமிசைட்' தொடரில் ஜான் மன்ச் என்ற பாத்திரத்தை உருவாக்கினார்கள், ரிச்சர்ட் பெல்சர் நடித்தார். தொடர் 1999-ல் முடிந்ததும் அந்த மன்ச் பெட்டியைக் கட்டிக்கொண்டு உல்ஃபின் புதிய தொடருக்குக் குடிபோய் 2013 வரை அங்கேயே இருந்தார். நடுவே 2008-ல் 'தி வயர்' கடைசி சீசனில் மதுக்கடைக் காட்சி ஒன்றில் சில நொடி தலையைக் காட்டினார். அதே 'தி வயர்' தொடரில் ஜே லேண்ட்ஸ்மன் என்ற பெயரிலேயே ஒரு சார்ஜெண்ட் உண்டு, அதில் நடித்தவர் வேறு ஆள். நிஜ லேண்ட்ஸ்மனும் தொடரில் இருக்கிறார், அவர் போட்டது வேறு ஒரு லெப்டினன்ட் வேஷம். குழம்பினால் பரவாயில்லை, எனக்கும் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

சர்வீஸ் முழுக்க ஸ்டேஷன் ரைட்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். எந்த டிவி போலீஸும் எழுதுவதே இல்லை, ஓடுகிறான், சுடுகிறான். உங்கள் ஆள் எப்படி?
(ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், சிவகங்கை)

ஐயா, உங்களுக்காகவே எடுத்த தொடர்தான் 'தி வயர்'. பால்டிமோர் கொலைப் பிரிவில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை. ஒவ்வொரு துப்பறிவாளர் பெயருக்கும் கீழே அவர் வழக்குகள், முடியாதது சிவப்பு மையில், முடிந்தது கறுப்பு மையில். மேலதிகாரிகளின் கண் முழுக்க சிவப்பைக் கறுப்பாக்குவதில். யாராவது புதைந்து கிடக்கும் பிணங்களைக் கண்டுபிடித்துவிட்டால் அவர்களுக்குச் சந்தோஷம் இல்லை, வருஷக் கணக்கு ஏறிவிடுமே என்ற கவலைதான்.

போன் ஒட்டுக்கேட்பதற்குக் கோர்ட்டு உத்தரவு வேண்டும், அதற்கு மற்ற எல்லா வழியும் முயன்று பார்த்தாயிற்று என்று எழுத்தில் காட்ட வேண்டும். உத்தரவு வந்த பிறகும் நினைத்தபோது கேட்க முடியாது, அந்தப் பொதுத்தொலைபேசியில் பேசுவது நாம் தேடுகிற ஆள்தான் என்று கூரைமேல் நின்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதையெல்லாம் அலுக்காமல் காட்டுகிறார்கள். காரணம், சைமனோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய எட் பர்ன்ஸ் அந்த ஊரில் கொலைப் பிரிவு துப்பறிவாளராக இருந்தவர். 80-களில் மெல்வின் வில்லியம்ஸ் என்ற பெரிய போதை வியாபாரியைப் பிடிக்க பேஜர், பொதுத்தொலைபேசி, சங்கேத எண் என்று அவர் மல்லுக்கட்டியதுதான் முதல் சீசனுக்கு அடிப்படை.

இரண்டாவது சீசனில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கப்போகும் ஒரு இடம். மேலதிகாரியைப் பகைத்துக்கொண்டதால் துறைமுகப் படகு ரோந்துக்குத் தூக்கியடிக்கப்பட்ட மெக்நல்டி என்ற துப்பறிவாளருக்குத் தண்ணீரில் ஒரு பெண்ணின் பிணம் கிடைக்கிறது. எங்கள் லிமிட் இல்லை என்று எல்லோரும் கைகழுவுகிறார்கள். இந்த ஆள் வேலைமெனக்கெட்டு காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று அட்டவணை பார்த்துக் கணக்குப்போட்டு, அவள் தண்ணீரில் விழுந்தது நகர எல்லைக்குள்தான் என்று நிரூபித்து, தன்னைத் தூக்கியடித்த அதே அதிகாரியின் தலையில் அந்த வழக்கைக் கட்டிவிடுகிறார். அதே துறைமுகத்தில் ஒரு கன்டெய்னருக்குள் இன்னும் 13 பெண்களின் பிணங்கள். அவற்றையும் சேர்த்துத்தான்! எல்லைத் தகராறு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவு நல்ல தொடர் என்றால் எத்தனை எம்மி வாங்கியது?
(வாசகர், நாகர்கோவில்)

பூஜ்யம். 2005-லும் 2008-லும் எழுத்துக்காக இரண்டு பரிந்துரைகள், அவ்வளவுதான். இத்தனைக்கும் அதற்கு முந்தைய 'தி கார்னர்' மூன்று எம்மி வாங்கியது. 'தி வயர்' ஓடிய காலத்தில் பார்த்தவர்களும் குறைவு, மூன்றாவது சீசனோடு கடையைக் கட்டிவிடலாம் என்ற நிலை வந்து, சைமன் சேனல்காரர்களிடம் போய் அடுத்த சீசன்களின் கதையைச் சொல்லி வாதாடிக் காப்பாற்றினார். டிவிடி வந்த பிறகுதான் ஊரெல்லாம் பேச ஆரம்பித்தது. அப்படிக் காப்பாற்றிய நான்காவது சீசன்தான் என்னைப் பொறுத்தவரை உச்சம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் நாலு பேரின் கதை. போலீஸ் வேலையை விட்ட பிறகு பர்ன்ஸ் பால்டிமோர் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார், அந்த அனுபவம் முழுக்க அதில் இறங்கியிருக்கிறது.

நிஜக் குற்றவாளிகளையே நடிக்க வைத்தாராம். இது நியாயமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

மேலே சொன்ன மெல்வின் வில்லியம்ஸ் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு, மூன்றாவது சீசனிலிருந்து ஒரு தேவாலய மூப்பராக நடித்தார். அவரைப் பிடித்த பர்ன்ஸ் எழுதிய தொடரில்! டானி ஆண்ட்ரூஸ் என்பவர் போதை வியாபாரிகளையே துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்தவர், கொலைக் குற்றத்துக்காக நீண்டகாலம் சிறையில் இருந்தவர். ஓமர் என்ற புகழ்பெற்ற பாத்திரத்துக்கு அவர் ஒரு முன்மாதிரி, வெளியே வந்ததும் ஓமரின் கூட்டாளியாகச் சின்ன வேஷம் கிடைத்தது.

தண்டனை முடிந்து வந்தவருக்கு வேலை கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அதே ஊரில் டிவி பார்க்கும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்ற உங்கள் கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

ஒரே புகழ்ச்சியாக இருக்கிறதே, குறையே இல்லையா?
(வாசகர், புதுச்சேரி)

இருக்கிறது. 'தி வயர்' ஐந்தாவது சீசன். பத்திரிகை உலகத்தைப் பற்றியது, அதுவும் 'பால்டிமோர் சன்' என்ற நிஜப் பெயரோடேயே. மற்ற சீசன்களில் துறைமுகத் தொழிலாளி, கவுன்சிலர், ஹெட்மாஸ்டர் என்று யாராக இருந்தாலும் அவர் பக்கத்து நியாயமும் கொஞ்சம் இருக்கும், அயோக்கியனுக்கும் ஒரு வீடு வாசல் இருக்கும். இங்கே மட்டும் ஆசிரியர் குழுவின் மேல்தட்டு ஒரே முட்டாள்தனம், பொய்ச் செய்தி எழுதும் நிருபர் பொய்யன், கதை முடிந்தது. பழைய ஆபீஸ் மேல் இருந்த கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. 13 வருஷம் உழைத்த இடம் கண் முன்னால் சுருங்கியதைப் பார்த்தவர், கோபத்தில் தப்பில்லை, 2009-ல் அமெரிக்க செனட் குழு முன்னாலும் போய்ப் பத்திரிகைகளின் அழிவைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஆனால் கதைக்கு அது உதவவில்லை. கடைசி எபிசோடில் அந்த நியூஸ் ரூமில் உட்கார்ந்திருக்கும் நிருபர்களில் ஒருவராகத் தானே சில நொடி வருகிறார், கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு குறை, பெண்கள். கிமா என்ற துப்பறிவாளரைத் தவிர யாருக்கும் நின்று பேச இடம் போதவில்லை.

சேனல் தொடர்களுக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் பெயர் டைட்டிலில் ஓடும் வேகத்தில் என் அம்மாவால்கூடப் படிக்க முடியவில்லை. அங்கே மட்டும் எழுத்தாளருக்கு எப்படி இந்த மரியாதை?
(பெயர் வேண்டாம், சென்னை)

சங்கம். வேறு ரகசியம் எதுவும் இல்லை. எழுதியவருக்குக் குறைந்தபட்சக் கூலி, மறு ஒளிபரப்பானால் பங்கு, டைட்டிலில் யார் பெயர் எப்படி வர வேண்டும் என்பது எல்லாமே அமெரிக்க எழுத்தாளர் சங்கம் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதற்காக அவ்வப்போது பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள். 2007–08-ல் 100 நாள். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை 148 நாள். இரண்டாவது போராட்டத்தில் நிர்வாகத்தோடு பேசிய சங்கக் குழுவில் சைமனும் இருந்தார்.

அப்போதைய பிரச்சினை இதுதான்: ஓடிடி வந்த பிறகு சீசனுக்கு எட்டு, பத்து எபிசோடு ஆகிவிட்டது, எழுத்தாளர் அறைகள் சுருங்கிவிட்டன. சிலரைச் சில வாரங்களுக்கு மட்டும் கூப்பிட்டுக் கதையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள், படப்பிடிப்புப் பக்கமே விடுவதில்லை. அப்படியானால் புதிதாக வருபவர் தயாரிப்பு வேலையை எங்கே கற்றுக்கொள்வார்? சைமன் 'ஹோமிசைட்' நாட்களில் நடிகர் தேர்வு, செட், எடிட்டிங் என்று எல்லாவற்றுக்கும் அனுப்பப்பட்டுத்தான் தயாரிப்பாளர் ஆனார். அந்த ஏணியைத்தான் எடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. போராட்டத்தின் முடிவில் ஒரு அறையில் இத்தனை எழுத்தாளர்களாவது இருக்க வேண்டும் என்ற விதி கிடைத்தது, செயற்கை நுண்ணறிவு எழுதியதை எழுத்தாளர் படைப்பாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது. அந்த மென்பொருளைத் தன் எழுத்துக்குப் பயன்படுத்துவாரா என்று சைமனைக் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைக் குடும்பப் பத்திரிகையில் போட முடியாது, மாட்டேன் என்பது சுருக்கம்.

உங்கள் பெயர் ஓடும் வேகத்துக்கு நானே ஒருநாள் ரிமோட்டில் பாஸ் போட்டுப் பார்க்கிறேன்.

க்ரைம் கதை எழுத ஆசை. எந்தப் படிப்பு படிக்கலாம்?
(கல்லூரி மாணவி, கோவை)

சட்டமோ இதழியலோ எது பிடிக்கிறதோ படியுங்கள். ஆனால் லீவு நாட்களில் உங்கள் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் போய்ப் பின் பெஞ்சில் உட்காருங்கள், பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் பார்க்கலாம். வாய்தா எப்படிக் கேட்கிறார்கள், சாட்சி எங்கே முழிக்கிறார், கான்ஸ்டபிள் கையில் இருக்கும் கட்டில் என்னென்ன காகிதம், கைதியின் அம்மா எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். சைமனும் பர்ன்ஸும் 'தி கார்னர்' புத்தகத்துக்காக 1993-ல் மேற்கு பால்டிமோரில் போதை மருந்து விற்கும் ஒரு தெருமுனையில் போய் ஒரு வருஷம் நின்றார்கள், அங்கிருந்தவர்கள் முதலில் அவர்களைப் போலீஸ் என்றே நினைத்தார்களாம். நீங்கள் தெருமுனைக்கெல்லாம் போக வேண்டாம், கோர்ட்டு போதும், அங்கே கேன்டீனும் இருக்கும்.

எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்? 60 எபிசோடு என்றால் பயமாக இருக்கிறது.
(வாசகர், ஓசூர்)

பயமாக இருந்தால் 2022-ல் வந்த 'வி ஓன் திஸ் சிட்டி', ஆறே எபிசோடு. பால்டிமோர் போலீஸில் சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பிடிக்க அமைத்த தனிப்படை தானே வழிப்பறிக் கும்பலாக மாறிப்போன உண்மைச் சம்பவம். 2017-ல் மத்திய அரசு வழக்குப் போட்டது, தலைவனாக இருந்த சார்ஜெண்ட் வேய்ன் ஜென்கின்ஸுக்கு 25 வருஷம் சிறை. இதற்கு மூலமான புத்தகத்தை எழுதியவர் ஜஸ்டின் ஃபென்டன், அவரும் 'பால்டிமோர் சன்' நிருபராக இருந்தவர்தான். காலம் முன்னும் பின்னும் தாவும், தேதி போடும்போது கொஞ்சம் கவனியுங்கள்.

பிடித்திருந்தால் 'தி வயர்' முதல் சீசன். முதல் மூன்று எபிசோடில் யார் யார் என்றே தெரியாது, பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டால் நல்லது, நான்காவதிலிருந்து தானாகப் போகும். பால்டிமோர் தெருப்பேச்சு அமெரிக்கர்களுக்கே சிரமம், சப்டைட்டில் கட்டாயம். வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு போடுங்கள், அந்தச் சமையலறைக் காட்சி வரும்போது சவுண்டைக் குறைக்க ரிமோட் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.